எலிப் பெட்டிக்குள் ஒரு துல்லியச் சிப்

எல்எம்308 என்று ஒரு பழைய ஐசி உண்டு. எட்டு கால், கருப்பு உடம்பு. பார்த்தால் இன்ஜினியரிங் காலேஜ் எல்.ஐ.சி. லேபில் வரும் 741 மாதிரியேதான் இருக்கும். 1969 வாக்கில் வந்த குடும்பம் அது. அளவுக் கருவிகளுக்காகச் செய்தது: தெர்மோகப்பிள் மாதிரி மெல்லிய மின்னழுத்தம் தரும் இடங்களில், சிக்னலைத் தொட்டும் தொடாமலும் அளந்து சொல்ல வேண்டிய வேலைக்கு. இன்றைக்கு அளவுக் கருவி செய்கிற யாருமே அதைச் சீண்ட மாட்டார்கள். அதைவிட நல்ல சிப்கள் எவ்வளவோ வந்துவிட்டன. ஆனாலும் பழைய எல்எம்308க்கு மவுசு குறையவில்லை. தேடித் தேடி, சாதாரண ஆப்-ஆம்பைப் போலப் பல மடங்கு விலை கொடுத்து வாங்குகிறார்கள். வாங்குவது யார்னு பார்த்தால், எலெக்ட்ரிக் கிட்டார் வாசிக்கிறவர்கள். அதுவும் சத்தத்தைச் சுத்தமாக்க இல்லை, நாசமாக்க.

காரணம் ஒரு பெடல். பேர் ராட். தமிழில் எலி. 1978இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் கலமசூ என்ற ஊரில் பிறந்த டிஸ்டார்ஷன் பெடல். காலால் அமுக்குகிற சுவிட்ச், மூன்று குமிழ், 9 வோல்ட் பேட்டரி. துல்லியத்துக்காகப் பிறந்த ஒரு சிப் அந்தப் பெட்டிக்குள் எப்படிப் போனது, போய் என்ன செய்தது, அதைப் பற்றிச் சொல்கிற கதைகளில் எது நிற்கும், எது நிற்காது என்று கொஞ்ச நாளாக நோண்டிக்கொண்டிருந்தேன். அந்தக் குறிப்புகள்தான் இது.

முதலில் கிட்டார் தெரியாதவர்களுக்கு ஒரு வரி. டிஸ்டார்ஷன் என்றால் சிக்னலின் தலையை வெட்டுவது. தந்தியின் அதிர்வு மின்சாரமாகும்போது வழவழப்பான அலையாக வருகிறது. அதை ஒரு ஆம்ப் தாங்குகிற அளவுக்கு மேல் பெருக்கினால், அலையின் மேட்டையும் பள்ளத்தையும் ஆம்ப் தட்டையாக்கிவிடும். தட்டையான இடத்தில் மூல ஒலியில் இல்லாத புதிய அதிர்வெண்கள் முளைக்கும். அதுதான் நாம் கேட்கிற உறுமல், கரகரப்பு. ரேடியோ மெக்கானிக்கிடம் போனால் 'ஸ்பீக்கர் போயிடுச்சு சார்' என்று சொல்லக்கூடிய அதே சத்தம்.

சும்மா சொல்லவில்லை, வரலாறும் அப்படித்தான். ஆரம்பத்தில் இந்தச் சத்தம் கிடைத்ததெல்லாம் கெட்டுப்போன சாமானிலிருந்துதான். 1951இல் ஐக் டர்னர் குழுவினர் பதிவு செய்த 'ராக்கெட் 88' பாட்டில் அடிபட்ட ஒரு ஆம்ப். 1958இல் லிங்க் ரே 'ரம்பிள்' வாசித்தபோது ஸ்பீக்கர் காகிதத்தில் பென்சிலால் ஓட்டை போட்டதாகக் கதை. 1964இல் கிங்க்ஸ் குழுவின் டேவ் டேவிஸ் ஸ்பீக்கரை பிளேடால் கீறினார். யாருக்கும் இதைச் செய்ய ஒரு கருவி இல்லை, அதனால் இருக்கிற கருவியைக் கெடுத்தார்கள்.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது நாஷ்வில் கதை. மார்ட்டி ராபின்ஸ் என்ற கன்ட்ரி பாடகர் 'டோன்ட் வொரி' என்று ஒரு அமைதியான காதல் பாட்டைப் பதிவு செய்கிறார். 1961இல் வெளியானது. கிரேடி மார்ட்டின் ஆறு தந்தி பாஸ் கிட்டார் வாசிக்கிறார். ஒலிப்பதிவுப் பொறியாளர் கிளென் ஸ்னாடி. பாட்டின் நடுவே மார்ட்டினின் தனி வாசிப்பு வரும்போது, மிக்ஸிங் மேஜையில் ஒரு டிரான்ஸ்ஃபார்மர் மண்டையைப் போடுகிறது. பாஸ் கிட்டார் வண்டு மாதிரி ரீங்கரிக்கிறது. மறுபடி எடுக்கலாமா, விடலாமா என்று பேச்சு நடந்து, கடைசியில் விட்டுவிட்டார்கள். பாட்டு பெரிய ஹிட். பாட்டைக் கேட்ட மற்றவர்கள் வந்து 'எங்களுக்கும் அந்தச் சத்தம் வேணும்' என்று கேட்க ஆரம்பித்தார்கள்.

இங்கேதான் ஸ்னாடி ஒரு பொறியாளராக யோசிக்கிறார். கெட்டுப்போன டிரான்ஸ்ஃபார்மர் எத்தனை நாள் தாங்கும்? ஒருநாள் அது முழுசாகச் செத்துப்போகும். அப்போது அந்தச் சத்தமும் போகும். அதனால் அவரும் ரெவிஸ் ஹாப்ஸ் என்ற இன்னொரு பொறியாளரும் சேர்ந்து, அதே பழுதை ஜெர்மானியம் டிரான்சிஸ்டர்களை வைத்து வேண்டுமென்றே உண்டாக்குகிற ஒரு சர்க்யூட்டைச் செய்தார்கள். கிப்சன் நிறுவனத்தின் தாய்க் கம்பெனி அதை வாங்கி, 1962இல் 'மாஸ்ட்ரோ ஃபஸ்-டோன்' என்ற பெயரில் விற்றது. நம்ம பாஷையில் சொன்னால், பக்கை ஃபீச்சராக்கி ஷிப் செய்துவிட்டார்கள்.

ஆனால் விற்கத் தெரியவில்லை. விளம்பரத்தில் 'இதை வைத்து கிட்டாரை டிரம்பெட் மாதிரி, செல்லோ மாதிரி ஒலிக்க வைக்கலாம்' என்று சொன்னார்கள். கிட்டாருக்கு என்று ஒரு புதிய குரல் கிடைத்திருப்பது அதை விற்றவர்களுக்கே புரியவில்லை. கடைகளில் தேங்கிக் கிடந்தது. 1965இல் ரோலிங் ஸ்டோன்ஸின் கீத் ரிச்சர்ட்ஸ், 'சாடிஸ்ஃபேக்‌ஷன்' பாட்டில் பின்னால் பித்தளை வாத்தியங்கள் வாசிக்கப் போகும் வரிக்கு ஒரு மாதிரியாக இந்தப் பெட்டியில் வாசித்து வைத்தார். அதாவது விளம்பரம் சொன்ன அதே காரணத்துக்காகத்தான் அவரும் பயன்படுத்தினார்! அந்த மாதிரி வாசிப்பே இசைத்தட்டாக வெளிவந்துவிட்டது. பாட்டு உலகம் முழுக்க ஓடியது, தேங்கிக் கிடந்த பெட்டிகளும் விற்றுத் தீர்ந்தன.

அதற்குப் பிறகு நடந்தது பலருக்கும் தெரிந்ததுதான். 1966இல் லண்டனிலிருந்து ஃபஸ் ஃபேஸ், அதை வைத்து ஹெண்ட்ரிக்ஸ். எழுபதுகளில் ஐசி மலிவானது, டிரான்சிஸ்டருக்குப் பதில் ஆப்-ஆம்ப் வந்தது. எம்எக்ஸ்ஆர் கம்பெனி 'டிஸ்டார்ஷன் பிளஸ்' என்று ஒரு மஞ்சள் பெட்டி போட்டது. உள்ளே நம்ம 741 ஒன்று, பின்னால் இரண்டு ஜெர்மானியம் டையோடு. அவ்வளவுதான் சர்க்யூட். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இப்போது கலமசூ. இந்தச் சின்ன ஊர் கிட்டார் உலகத்துக்குப் புதிதல்ல. கிப்சன் கிட்டார் தொழிற்சாலை இருந்ததே இங்கேதான், பார்சன்ஸ் தெருவில். ஆக ஃபஸ்-டோன் விற்ற கம்பெனியின் சொந்த ஊரிலேயே பதினாறு வருஷம் கழித்து ராட் பிறக்கிறது. இரண்டுக்கும் நேரடித் தொடர்பு இருந்ததாக நான் சொல்ல வரவில்லை. ஆனால் கிட்டாரும் ஆம்பும் பழுது பார்க்கத் தெரிந்தவர்கள், வாசிப்பவர்கள், சாமான் விற்பவர்கள் எல்லாம் புழங்குகிற ஊர் அது. புரோகோ சவுண்ட் என்ற கம்பெனி 1974இல் அங்கே தொடங்கியது. அவர்கள் முக்கியமாக விற்றது கேபிள். மேடைக்கும் ஸ்டுடியோவுக்கும் வேண்டிய ஒயர்கள். பெடல் அவர்கள் தொழிலே இல்லை.

அங்கே வேலை பார்த்த ஸ்காட் பர்ன்ஹாம், ஸ்டீவ் கிராலி இருவரும் அடுத்தவர் பெடல்களைப் பழுது பார்ப்பதும் கூட்டிக் குறைத்து மாற்றுவதுமாக இருந்தார்கள். ஃபஸ் ஃபேஸைப் பிரித்துப் பார்த்தவர்களுக்கு, 'இதைவிட நன்றாக நாமே செய்யலாமே' என்று தோன்றியிருக்கிறது. சோதனையின்போது தவறான மதிப்புள்ள ஒரு ரெசிஸ்டரை எடுத்துச் செருகியதில்தான் ராட்டின் சத்தம் சிக்கியது என்று ஒரு கதை உலவுகிறது. நாஷ்வில் டிரான்ஸ்ஃபார்மர் கதைக்குத் தம்பி மாதிரி இருக்கிறது, அதனாலேயே கொஞ்சம் ஜாக்கிரதையாகத்தான் எடுத்துக்கொள்கிறேன். அவர்கள் வேலை செய்த அடித்தளத்தில் எலித் தொல்லை, அதனால் அந்தப் பேர் என்பதும் அதே ரகம்.

1978இல் முதலில் கையால் செய்தது ஒரு டஜன் பெட்டிகள்தான். கடையில் கிடைக்கிற பட் கம்பெனி உலோக டப்பாவில் அடைத்தது. அதனால் அவற்றுக்கு 'பட் பாக்ஸ் ராட்' என்று பேர். 1979 முதல் தொழிற்சாலை முறையில் தயாரிப்பு. 1984இல் டப்பா சின்னதானது. அதே 1984இல்தான் கிப்சன் கலமசூ ஆலையை மூடிவிட்டு முழுசாக நாஷ்விலுக்குப் போனது. பெரிய கம்பெனி ஊரை விட்டுப் போன வருஷத்தில், ஒயர் விற்கிற சின்ன கம்பெனியின் பெடல் ஊரில் இருந்தது. போகாமல் அங்கேயே தங்கிவிட்ட கிப்சன் ஊழியர்கள் சிலர் அடுத்த வருஷம் அதே கட்டடத்தில் ஹெரிட்டேஜ் என்ற கிட்டார் கம்பெனியைத் தொடங்கியது தனிக் கதை.

சரி, சிப்புக்கு வருவோம்.

எல்எம்308ஐ வடிவமைத்தவர் பாப் விட்லர். அனலாக் சர்க்யூட் உலகில் அவர் ஒரு நாட்டுப்புறக் கதை நாயகன் மாதிரி. 1964-65இல் ஃபேர்சைல்டு கம்பெனியில் 702, 709 என்று முதல் ஐசி ஆப்-ஆம்ப்களைச் செய்தவர். பிறகு நேஷனல் செமிகண்டக்டருக்குப் போய் எல்எம்101, எல்எம்108. கம்பெனி செலவைக் குறைக்கிறேன் என்று புல்வெட்டும் ஆளை நிறுத்தியபோது, ஒரு ஆட்டைக் கொண்டுவந்து ஆபீஸ் புல்வெளியில் மேயவிட்டவர். சோதனையில் ஒரு பாகம் சரியாக வேலை செய்யாவிட்டால் அதைச் சுத்தியலால் அடித்துப் பொடியாக்குவார், கெட்ட பாகம் இன்னொரு தடவை யாரையும் ஏமாற்றக் கூடாது என்று. 1970 முடிவில், முப்பத்து மூன்று வயதில், வேலையை விட்டுவிட்டு மெக்சிகோவுக்குப் போய்விட்டார். 1991இல் அங்கேயே காலமானார்.

108, 208, 308 மூன்றும் ஒரே டிசைன்தான். 1 என்று தொடங்கினால் ராணுவத் தரம், மைனஸ் 55 டிகிரி முதல் 125 டிகிரி வரை தாங்கும். 3 என்று தொடங்கினால் சாதா ஜனங்களுக்கு, 0 முதல் 70 டிகிரி. ராட்டுக்குள் போனது சாதா ஜன ரகம்.

இந்த டிசைனில் என்ன விசேஷம்னா, உள்ளே வருகிற சிக்னலிடமிருந்து அது கிட்டத்தட்ட எதையுமே எடுத்துக்கொள்ளாது. 741இன் மலிவு ரகம் உள்ளீட்டில் அதிகபட்சம் 500 நானோஆம்பியர் குடிக்கலாம் என்று அதன் டேட்டாஷீட் சொல்லும். எல்எம்308க்கு அதே எண் 7. விட்லர் இதற்கு 'சூப்பர்-பீட்டா' டிரான்சிஸ்டர்களைப் பயன்படுத்தினார். நடு அடுக்கை ரொம்ப மெலிதாகச் செய்தால் டிரான்சிஸ்டரின் பெருக்கம் நூறு இருநூறிலிருந்து ஆயிரங்களுக்குப் போகும். ஆனால் அது அப்பளம் மாதிரி, சில வோல்ட்டுக்கு மேல் வைத்தால் உடைந்துவிடும். அதை உடையாமல் சுற்றிப் பாதுகாத்து வேலை வாங்கியதுதான் அவர் கெட்டிக்காரத்தனம். கூடவே உள்ளே ஓடுகிற மின்னோட்டத்தையும் சொற்பமாக வைத்தார். மொத்தச் சிப்புக்கும் கால் மில்லிஆம்பியரை ஒட்டித்தான் செலவு.

இதற்கு ஒரு விலை உண்டு. சிப் மெதுவாகிவிடும். ஆப்-ஆம்ப் நிலையாக நிற்க ஒரு சின்ன மின்தேக்கி வேண்டும், 308இல் அதை வெளியே நாமே வைக்க வேண்டும், வழக்கமாக 30 பிக்கோஃபாரட். வெளியீடு ஒவ்வொரு தடவை மேலும் கீழும் போகும்போதும் அந்த மின்தேக்கியை நிரப்பிக் காலி செய்தாக வேண்டும். நிரப்பக் கிடைப்பது சில மைக்ரோஆம்பியர்தான். பானை சின்னதுதான், ஆனால் குழாயில் வருவது சொட்டுத் தண்ணீர். அதனால் வெளியீடு ஒரு மைக்ரோவினாடிக்கு சுமார் 0.3 வோல்ட்டுக்கு மேல் நகர முடியாது. இதைத்தான் ஸ்லூ ரேட் என்பார்கள். சாதாரண ஆடியோ சிப்பான டிஎல்071க்கு இது 13. அடுப்பின் வெப்பநிலையை அளக்கிறவனுக்கு இந்த மந்தம் ஒரு பொருட்டே இல்லை. அடுப்பு மைக்ரோவினாடியில் சூடாவதில்லை.

பர்ன்ஹாம் இந்தச் சிப்பை, அது கனவிலும் நினைக்காத இடத்தில் வைத்தார். ராட்டின் சர்க்யூட் மேலோட்டமாக டிஸ்டார்ஷன் பிளஸின் உறவுக்காரன்தான். ஒரு ஆப்-ஆம்ப், அதன் பின்னால் தரைக்கு இரண்டு டையோடு. ஆனால் டிஸ்டார்ஷன் பிளஸின் அதிகபட்சப் பெருக்கம் 200 மடங்கு சொச்சம். ராட்டில் டிஸ்டார்ஷன் குமிழை முழுக்கத் திருகினால், 100 கிலோஓம் ரெசிஸ்டரை எதிரே இருக்கும் 47 ஓமும் 560 ஓமும் சேர்ந்த மதிப்பால் வகுக்க வேண்டும். வருவது 2300 மடங்கு. கிட்டாரிலிருந்து 100 மில்லிவோல்ட் வந்தால் 230 வோல்ட் ஆக வேண்டும். பேட்டரியோ 9 வோல்ட். சிக்னல் சுவரில் மோதுகிறது. அதற்குப் பிறகு சிலிக்கான் டையோடுகள் அதை இரண்டு பக்கமும் சுமார் 0.6 வோல்ட்டில் இன்னொரு தடவை வெட்டுகின்றன. கடைசியில் ஒரு ஃபில்டர் குமிழ். மற்றப் பெடல்களில் டோன் குமிழை வலப்பக்கம் திருகினால் ஒலி கூர்மையாகும். ராட்டில் நேர் எதிர்: வலப்பக்கம் போகப் போக மேல் அதிர்வெண்கள் அடங்கி ஒலி இருண்டுபோகும். புதிதாக வாங்கியவர்கள் எல்லோரும் ஒரு நாளாவது இதில் குழம்புவார்கள்.

ராட்டைப் பற்றி எங்கே படித்தாலும் ஒரு வாக்கியம் தவறாமல் வரும்: 'எல்எம்308இன் மெதுவான ஸ்லூ ரேட்தான் இந்தச் சத்தத்தின் ரகசியம், அது வெட்டப்பட்ட அலையின் கூர் முனைகளை மழுக்குகிறது.' கேட்க நன்றாக இருக்கிறது. மந்தமான சிப், மழுங்கிய முனை, இதமான உறுமல். நானும் ஒரு சிமுலேஷன் எழுதிப் பார்க்கலாம் என்று உட்கார்ந்தேன். அதற்கு முன்னால் ஒரு காகிதக் கணக்கு போட்டாலே போதும் என்று தெரிந்தது.

சிப்பின் வெளியீடு ஒரு சுவரிலிருந்து மறு சுவருக்குப் போக, அதாவது 9 வோல்ட் தூரம் கடக்க, 0.3 வேகத்தில் 30 மைக்ரோவினாடி ஆகும். நிஜமாகவே சாய்வான கோடுதான். ஆனால் கேட்பவரின் காதுக்கு வருவது அந்த 9 வோல்ட் இல்லையே. டையோடுகள் அதில் நடுவில் 1.2 வோல்ட்டை மட்டும் விட்டுவிட்டு மேலும் கீழும் வெட்டி எறிகின்றன. அந்த 1.2 வோல்ட்டைக் கடக்க 4 மைக்ரோவினாடி போதும். மனிதக் காது கேட்கும் உச்சமான 20,000 ஹெர்ட்ஸில் ஒரு சுற்றுக்கே 50 மைக்ரோவினாடி. ஆக மழுங்கிய முனையை டையோடு மறுபடி கூர்தீட்டிவிடுகிறது! ஸ்லூ ரேட் மழுக்கியது என்று சொல்கிற வேலையில் பெரும்பகுதி அங்கேயே அழிந்துபோகிறது. இன்னொன்றும் இருக்கிறது. டிஸ்டார்ஷன் பிளஸில் இருக்கிற 741இன் ஸ்லூ ரேட் 0.5. அதுவும் ஆமைதான். ஸ்லூ ரேட் மட்டும் ரகசியம் என்றால் அந்த மஞ்சள் பெட்டியும் எலி மாதிரிக் கத்தியிருக்க வேண்டும். கத்தவில்லை.

அப்படியானால் சிப்புக்கு ஒரு பங்கும் இல்லையா? இருக்கிறது, ஆனால் வேறு இடத்தில். அந்த 2300 மடங்கைப் பாருங்கள். எல்லாக் கட்டுரையிலும் இந்த எண் வரும், நானும் மேலே எழுதினேன். ஆனால் பெடலுக்குள் நிஜத்தில் அது எங்கேயும் வருவதில்லை. 47 ஓம் ரெசிஸ்டரோடு வரிசையில் 2.2 மைக்ரோஃபாரட் மின்தேக்கி ஒன்று இருக்கிறது. அது சுமார் 1500 ஹெர்ட்ஸுக்கு மேலேதான் முழுசாக வழி விடும். அதற்குக் கீழே, கிட்டாரின் அடித்தந்திகள் பேசுகிற 80-110 ஹெர்ட்ஸ் பக்கம், பெருக்கம் 200-300 மடங்குதான். சரி, 1500க்கு மேலே போனால் 2300 கிடைக்குமா என்றால், அங்கே சிப் கையை விரித்துவிடுகிறது. 308 மாதிரி சிப்பில் அதிர்வெண் ஏற ஏற அது தரக்கூடிய பெருக்கம் அதே விகிதத்தில் இறங்கும். இரண்டையும் பெருக்கினால் பத்து லட்சம் ஹெர்ட்ஸ் வரும் என்று தாராளமாகவே வைத்துக்கொண்டாலும், 3000 ஹெர்ட்ஸில் அதனால் தர முடிவது 300 சொச்சம். கீழே ரெசிஸ்டர் விடாது, மேலே சிப் விடாது. நடுவில், சில நூறு ஹெர்ட்ஸிலிருந்து ஆயிரம் சொச்சம் வரைக்கும் மட்டும், பெருக்கம் ஒரு மேடு மாதிரி எழும்பி நிற்கிறது.

என் கணக்குப்படி ராட்டின் குரல் அந்த மேடுதான். டையோடுகளுக்குப் போகும் முன்பே சிக்னலின் அடியும் உச்சியும் ஒடுங்கி, நடுத்தொண்டை மட்டும் புடைத்து நிற்கிறது. அதை வெட்டினால் வருவது ஃபஸ் ஃபேஸின் கம்பளிச் சத்தமும் இல்லை, வண்டு ரீங்காரமும் இல்லை, தொண்டையிலிருந்து வருகிற ஒரு உறுமல். சிப்பின் மந்தம் இதில் பாதி வேலை செய்கிறது. ஆனால் அது வெட்டிய பிறகு முனையை மழுக்குகிற மந்தம் இல்லை, வெட்டுவதற்கு முன்னால் எதை வெட்டலாம் என்று தேர்ந்தெடுக்கிற மந்தம். மீதிப் பாதி, பெருக்கத்தைச் சிப்பின் எல்லைக்கு அப்பால் தள்ளுகிற அந்த 47 ஓமும் அதன் மின்தேக்கியும். வேகமான சிப் போட்டிருந்தால் மேல் அதிர்வெண்கள் அத்தனையும் 2300 மடங்கு பெருகி, கிட்டார் சத்தத்தோடு அறையில் உள்ள இரைச்சலும் சேர்ந்து கத்தியிருக்கும்.

பர்ன்ஹாம் இதையெல்லாம் காகிதத்தில் போட்டுப் பார்த்துவிட்டுச் செய்தாரா, காதால் கேட்டுக்கொண்டே மாற்றினாரா என்பது பெரிய விஷயமில்லை என்று நினைக்கிறேன். கையில் கிடைத்த சிப்பின் குறையைச் சுற்றி மற்றப் பாகங்களின் மதிப்பு உட்கார்ந்திருக்கிறது. அந்த இணக்கம்தான் டிசைன். 308ஐக் கழற்றி அதன் பெருமையை மட்டும் தனியாகப் பேசுவது, குழம்பின் ருசிக்குப் புளியை மட்டும் பாராட்டுவது மாதிரி.

யார் யார் வாசித்தார்கள் என்று சுருக்கமாக. 1983இல் மெட்டாலிக்காவின் முதல் ஆல்பம் 'கில் எம் ஆல்' முழுக்க ஜேம்ஸ் ஹெட்ஃபீல்டின் ரிதம் கிட்டாரில் இதுதான். நிர்வாணாவின் 'நெவர்மைண்ட்' ஆல்பத்தில் 'டெரிட்டோரியல் பிஸ்ஸிங்ஸ்'. 1997இல் பிளர் குழுவின் 'சாங் 2'வில் கிரஹாம் காக்ஸனின் வெடிப்பு. எனக்கு இவர்களையெல்லாம்விட ஆச்சரியம் ஜான் ஸ்கோஃபீல்ட். அவர் ஜாஸ் வாசிப்பவர். அந்த உலகத்தில் கிட்டார் என்றாலே வெண்ணெய் மாதிரி வழுக்க வேண்டும் என்ற எழுதாத சட்டம் உண்டு. அவர் ராட்டின் டிஸ்டார்ஷன் குமிழைக் குறைத்து வைத்து, ஒரு சாக்ஸஃபோன்காரர் ஊதும்போது நடுவில் குரல் பிசிறுவதைப் போல அதைப் பயன்படுத்தினார். குமிழ் குறைவாக இருக்கும்போது பெருக்கம் சிப்பின் எல்லைக்குள் அடங்கிவிடும், சத்தம் சுத்தத்துக்கும் அழுக்குக்கும் நடுவே வந்து நிற்கும். ஃபஸ்-டோன் விளம்பரம் கிட்டாரை ஊதுவாத்தியமாக்குகிறேன் என்று சொன்னதை நிஜமாகவே செய்து காட்டியது இவர்தான் என்பேன்.

2000களின் தொடக்கத்தில் 308 சந்தையில் அருகிப்போனது. புரோகோ வேறு வழியில்லாமல் ஓபி07 என்ற சிப்புக்கு மாறியது. தயாரிப்பும் பிற்பாடு சீனாவுக்குப் போனது. இரண்டும் சேர்ந்து, 'பழைய எலிதான் எலி, புதுசு வெறும் பேர்' என்ற நம்பிக்கை கிளம்பிவிட்டது. பழைய 308களின் விலை ஏறியது அப்படித்தான். விலை ஏறினால் அடுத்து என்ன நடக்கும்? வேறு ஏதோ மலிவுச் சிப்பின் முதுகைச் சுரண்டி 308 என்று அச்சடித்து விற்கிறவர்களும் வந்தார்கள்.

ஓபி07இன் டேட்டாஷீட்டைத் திறந்தால் சிரிப்பு வருகிறது. அதுவும் எழுபதுகளின் சிப், அதுவும் அளவுக் கருவிக்காகச் செய்தது, ஸ்லூ ரேட் அதே 0.3. பெருக்கம்-அதிர்வெண் கணக்கும் ஆறு லட்சம் பக்கம். மாற்றுச் சிப் தேர்ந்தெடுத்தவர் என்ன தேட வேண்டும் என்று தெரிந்து, இன்னொரு துல்லியமான ஆமையைத்தான் பிடித்து வந்திருக்கிறார். இரண்டும் ஒன்றேதான் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். சுவரில் மோதிய பிறகு மீண்டு வருகிற விதத்தில் ஒவ்வொரு சிப்புக்கும் ஒரு குணம் உண்டு, அது டேட்டாஷீட்டில் வராது. ஆனால் பழைய பெடலுக்கும் புதிய பெடலுக்கும் நடுவில் மாறியது சிப் மட்டும் இல்லை. குமிழ்களும் மின்தேக்கிகளும் ஐந்து, பத்து, இருபது சதவீதம் கூடக் குறையத்தான் வரும். ஒரே வருஷத்தில் செய்த இரண்டு பழைய ராட்களுக்குள்ளேயே வித்தியாசம் கேட்கலாம். சிப்புக்கு மட்டும் பல மடங்கு விலை கொடுப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

சொந்தமாகச் செய்து பார்க்க விரும்புகிறவர்களுக்கு: ரிச்சி தெருவில் 308ஐத் தேடி அலைய வேண்டாம். ஓபி07 கேளுங்கள். கால் வரிசை பெரும்பாலும் பொருந்தும். இணையத்தில் கிடைக்கிற பழைய ராட் படத்தை வைத்துச் செய்தால் ஒன்றே ஒன்று கவனிக்க வேண்டும். படத்தில் சிப்பின் 1ஆம் காலுக்கும் 8ஆம் காலுக்கும் நடுவில் 30 பிக்கோஃபாரட் மின்தேக்கி ஒன்று இருக்கும். மேலே சொன்ன சொட்டுத் தண்ணீர் பானை அதுதான். ஓபி07இல் அந்தப் பானை உள்ளேயே இருக்கிறது, அதன் 1, 8 கால்கள் வேறு வேலைக்கு. அந்த இடத்தைக் காலியாக விட்டுவிடுங்கள்.